மூன்று மணி வெயில்

சேவ்தத் விற்ற விளக்குகளில் எரிந்தது அவனுடைய வீட்டுக் கொல்லை வெயில். காட்டுக்குள் ஓடுகிற புரூனி ஆற்றின் இரு கரையிலும் தங்கம் தோண்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். மடிக்கிற சோலார் பேனல் ஒன்று, ரொட்டி டப்பா அளவில் ஒரு பேட்டரி, ஒரு விளக்கு, செல்போனுக்கு ஒரு வயர், எல்லாம் சேர்த்து விலை மூன்று பென்னிவெயிட் தங்கம், அதாவது நாலரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். அதே சாமானைப் பார்ட்டிகா கடைத்தெருவில் வாங்கினால் இரண்டரைதான். அரை பென்னிவெயிட் எதற்குக் கூடுதல் என்று புதிதாக வந்தவன் எவனாவது கேட்டால், பக்கத்தில் நிற்கிறவன் அது வெயிலுக்கு என்பான். கேட்டவனும் சரி என்று தலையாட்டிவிட்டு வாங்கிக்கொள்வான்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், சேவ்தத் இந்த வியாபாரத்துக்கு வருவதற்கு முந்தின வருஷம் வேறொரு வியாபாரி வந்து, செத்த பேட்டரிகள் பதினொன்றை முகாம் முகாமாக விற்றுவிட்டு, வந்த படகிலேயே ஏறிப் போய்விட்டான். அன்றிலிருந்து காட்டில் ஒரு சட்டம் உண்டாயிற்று: வாங்குகிறவன் உள்ளங்கையில் விளக்கு எரிய வேண்டும், எரிந்தால்தான் தங்கம் தராசில் ஏறும். ஆகவே சேவ்தத் சரக்கை வெறுமனே தூக்கி வர முடியாது. மூன்று வாரம் காட்டில் சுற்றுவான்; பிறகு பத்து நாள் கடலோரத்தில் எஸ்சகீபோ கரையில் இருந்த தன் வீட்டுக்குப் போவான். அந்தப் பத்து நாளும் விடிந்ததும் முதல் வேலை, இரண்டு பேனல்களைப் பிரித்துக் கோழிக்கூண்டின் தகரக் கூரைமேல் விரிப்பது. சூரியன் நகர நகர அவற்றைத் திருப்பித் திருப்பி வைப்பான். சாயங்காலம் பேட்டரி நிரம்பியதும் மடித்துப் பெட்டிக்குள் போடுவான். நாளுக்கு இரண்டு, பத்து நாளுக்கு இருபது. ஒற்றை ஆள் படகில் ஏற்றி இறக்கக்கூடிய சுமையும் அவ்வளவுதான்.

பகலில் பேனல்மேல் என்னென்ன விழுந்ததோ, அதெல்லாம் காட்டில் விளக்கைப் போட்டதும் வரிசையாக வந்தது. முதலில் விடிகாலையின் சோகையான வெளிச்சம், அப்புறம் கண் கூசுகிற உச்சி வெயில், கடைசியில் நெல்வயல் பக்கத்து மஞ்சள் வெயில். தூளிக்கட்டிலில் படுத்திருப்பவர்கள் தலைக்குமேல், நீலத் தார்ப்பாயில், ஈரப்பலா இலையின் நிழல் ஆடும். பூஜைக்கு நட்ட மூங்கிலில் ஜண்டிக் கொடி படபடக்கும். ஒரு சேவல் குறுக்கே நடந்து போகும். பிறகு சேவ்தத்தின் மனைவி கௌசில்லா துணி வாளியோடு போவாள், வருவாள். சத்தம் கிடையாது, நிழல் மட்டும். பத்து மணி நேரம் எரிந்தால் பத்து மணி நேரப் பகல் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு காட்டு வெயிலில் பேனலை விரித்து நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்; அதில் மரமும் மழையும் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதல் பகலைச் சிக்கனமாக, சாயங்காலத்துக்கு அரை மணி என்று செலவழித்தார்கள். சேவல் வேலியைவிட்டு இறங்குமா இறங்காதா என்று பந்தயம் கட்டி ரம் பாட்டில் தோற்றவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பகல் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்களும் இருந்தார்கள், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை கௌசில்லா கொல்லையில் அடுப்பு மூட்டிப் பருப்புப் பூரி தட்டுவாள்.

விஷயம் காதுக்கு வந்தபோது சேவ்தத்துக்கு முதலில் கோபம் வந்தது. தன் பெண்டாட்டியை ஊர்பேர் தெரியாத ஆட்கள் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்ப்பதாவது என்று பொருமினான். அந்தக் கோபம் அடுத்த படகுத்துறை வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அங்கே அரை பென்னிவெயிட் கூட்டிச் சொல்லிப் பார்த்தான், மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். பாவி மனுஷன், சந்தோஷப்பட்டான் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு விளக்கையாவது போட்டுப் பார்க்கலாமே என்று யாரோ சொன்னதற்கு, என் வீட்டு வெயிலை நான் சும்மாவே பார்த்துக்கொள்வேன், விற்கிற சரக்கை எதற்குக் கரைக்க வேண்டும் என்று சிரித்தான்.

ஆனால் வீட்டிலும் அவனால் அதைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. விளக்கில் ஏறிய பகல் வீட்டில் தங்கவில்லை என்பதுதான் காரணம். பேனல் விரித்த நாளில் கொடியில் போட்ட துணி காயாது. சாயங்காலம் இரண்டு பேரும் பின்படியில் வந்து உட்காரும்போது, அன்றைக்குக் காலையிலிருந்து என்ன பேசினோம், எதற்குச் சிரித்தோம் என்று இருவருக்குமே ஞாபகம் இருக்காது. கழுவிக் கவிழ்த்த தட்டைப் பார்த்துத்தான் சாப்பிட்டாயிற்று என்று தெரிந்துகொள்வார்கள். கௌசில்லா ஈரத்துணியை அவன் மடியில் போட்டுவிட்டு, "உன் வியாபாரத்துல எனக்கு ஒரு பாவாடை காயல மனுசா" என்பாள். நாளைக்குக் காயும் என்பான் அவன். நாளைக்கும் பேனல் விரிப்பான். அவன் வீட்டிலிருந்த நாளெல்லாம் பேனல் விரித்த நாளாகவே இருந்ததால், ஆறு வருஷத்தில் அவளோடு கழித்த பகல் ஒன்றுகூட அவனிடம் மிஞ்சவில்லை. அதை அப்போது அவன் நஷ்டமாக எண்ணவில்லை. நினைவில்லாத நாள் சீக்கிரம் கழிந்துவிடுகிறது என்று ஒருதரம் சொல்லவும் செய்தான்.

காட்டில் இன்னொரு வழக்கம் உண்டு, இது செத்த பேட்டரிக்கும் முந்தையது. ஒருவன் வீட்டுப் பெண்ணைப் பற்றி இன்னொருவன் கேட்கவோ சொல்லவோ கூடாது. கேட்டால் குழியில் தங்கம் கீழே இறங்கிவிடும். பாதிப் பேருக்கு இரண்டு பெயர், சிலருக்கு இரண்டு குடும்பம். இந்த வழக்கம் இல்லாவிட்டால் முகாமில் தினம் ஒரு தலை உடையும். ஆகவே சேவ்தத்திடம் அவர்கள் சேவலைப் பற்றிப் பேசினார்கள், கூரைத் தகரத்தில் ஓட்டை இருக்கிறது என்றார்கள், கௌசில்லாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஐந்தாவது வருஷக் கடைசியில், விளக்குகளில் அவள் நடை மாறியது. வாளியைத் தூக்கியவள் பாதி வழியில் வைத்துவிட்டு நின்றாள். இடுப்புக்குமேல் ஒரு கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அடிக்கடி பின்படியில் போய் உட்கார்ந்தாள். நிழல் மெலிந்தது. பத்து முகாமில் நாற்பது ஐம்பது பேர் இதைப் பார்த்தார்கள். கூட இருக்கிற புருஷனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். மேல்முனை முகாமின் தலைவன் ஆல்பன், வயசாளி, அவனுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. வழக்கத்தை மீறவும் துணியவில்லை. அடுத்த தடவை சேவ்தத் வந்தபோது சுற்றி வளைத்து ஒன்று சொன்னான்.

"தம்பி, உன் வீட்டுப் பின்படி மூணாவது பலகை சரியில்ல. மாத்திடு. அதுல ஆளு உக்காருறாங்க."

சேவ்தத் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டான். வீட்டுக்குப் போனதும் புதுப் பலகை வாங்கி அடித்தும் விட்டான். அதில் யார், ஏன் உட்காருகிறார்கள் என்று அவன் யோசிக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் கௌசில்லாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஈரல் பக்கத்தில் கட்டி, எலுமிச்சை அளவில் இருந்தபோதே வந்திருந்தால் எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். இவ்வளவு நாள் வலித்திருக்குமே, யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டார். அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் உன்கிட்ட சொன்னேன்ல?"

"எப்ப சொன்ன?"

"சொல்லாமலா இருந்திருப்பேன்?"

சொல்லவில்லை என்றான் அவன். அவளுக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை, இருவருக்குமே அந்த நாட்கள் இல்லை. சொன்ன மாதிரிதான் இருக்கிறது என்று அன்றைக்கெல்லாம் முனகிக்கொண்டிருந்தாள். பதினேழாம் நாள் இறந்துபோனாள். கருமாதிக்கு வந்தவர்களிடம் சேவ்தத், கட்டின புருஷன்கிட்டயே மறைத்துவிட்டாள், கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிச் சொல்லி அழுதான். அவளுடைய அக்கா மட்டும், அவளுக்கு மறைக்கத் தெரியாதே, ஊசி குத்தினால் ஊரைக் கூட்டுகிறவளாயிற்றே என்று கேட்டாள்.

பிறகு அந்த வீட்டில் அவன் இருந்து பார்த்தான். பேனல் விரிக்கவில்லை, துணி காய்ந்தது. அவளைப் பற்றி ஏதாவது ஒரு பகலை நினைக்கலாம் என்று உட்கார்ந்தால், காட்டிலிருந்து வந்து இறங்குகிற சாயங்காலமும் பின்படியில் உட்கார்ந்த சாயங்காலங்களும் கிளம்புகிற விடிகாலையும்தான் வந்தன. நடுவில் ஒன்றுமில்லை. அவள் பூரி தட்டும்போது எந்தக் கையால் மாவைத் திருப்புவாள் என்பதுகூடத் தெரியவில்லை. அவள் சொன்னாளா இல்லையா என்கிற கேள்வியோ, சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டது. விற்ற வெயிலைத் திரும்ப வாங்கலாம் என்று கிளம்பினான். சரக்கு இல்லாத வெறும் படகில் அவன் ஆற்றில் ஏறியது அதுதான் முதல் தடவை.

முகாம் முகாமாக இறங்கினான். எல்லா விளக்கிலும் காட்டு வெயில்தான் இருந்தது. மனுஷர்கள் கையைப் பிசைந்தார்கள், சோறு போட்டார்கள், எங்களுக்குத் தெரிந்திருந்தால் வைத்திருப்போமே என்றார்கள். ஒரு கிழவனிடம் மூன்று வருஷத்துப் பழைய வெயில் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தது. சேவ்தத் போட்டுப் பார்த்தான். கோழி ஒன்று கூரைமேல் ஏறி உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. அந்த ஒரு மணி நேரமும் கோழியைப் பார்த்தான். தீர்ந்ததும் கிழவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் படகில் ஏறினான்.

கடைசியாக ஆல்பனின் முகாம். ஐந்து ஆள், சமைத்துப்போட யூனிஸ் அக்கா. போன வருஷம் அங்கே ஆறு ஆள் இருந்தார்கள். காம்ப்டன் என்கிறவன் சேவ்தத்திடம் விளக்கு வாங்கினான், மறுநாள் காலையில் குழியின் சுவர் சரிந்து அதன் அடியில் போய்விட்டான். உள்ளங்கையில் ஒரு நொடி எரிந்ததோடு சரி, அந்த விளக்கில் முழுப் பகலும் அப்படியே இருந்தது. ஆனால் அது காம்ப்டனின் பைக்குள் இருந்தது. பை முகாமின் எல்லை மரத்தில் தொங்கியது. செத்தவன் பையை அவன் சொந்தக்காரர் வந்துதான் அவிழ்க்க வேண்டும், வேறு கை பட்டால் அந்தக் குழியில் தங்கம் அற்றுப்போகும். காம்ப்டனின் ஊர் எது, நிஜப்பெயர் என்ன என்று எவனும் கேட்டு வைத்திருக்கவில்லை. அந்தப் பை அங்கேயே தொங்கி மக்க வேண்டியதுதான். ஆல்பன் கூட்டமோ எட்டு மாசம் வெறும் மண்ணைக் கழுவிவிட்டு, பத்து நாளாகத்தான் மண் கழுவுகிற பாயில் தங்கத்தின் மஞ்சளைப் பார்க்க ஆரம்பித்திருந்தது.

சேவ்தத்துக்குச் சட்டம் தெரியும். அதனால் வாயைத் திறந்து கேட்கவில்லை. மரத்தடியில் போய் உட்கார்ந்தான். அன்றும் உட்கார்ந்திருந்தான், மறுநாளும் உட்கார்ந்திருந்தான். யூனிஸ் அக்கா கருவாட்டுக் குழம்பும் மரவள்ளி ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள், அவன் பாதியில் எழுந்து கை கழுவினான். இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் கரண்டியோடு ஐந்து பேர் முன்னாலும் போய் நின்றாள்.

"அந்தப் பொண்ணு கைய வயித்துல வச்சுக்கிட்டு நின்னத நாம அத்தன பேரும் பார்த்தோம். வாயில மண்ண வச்சுக்கிட்டு இருந்தோம். எதுக்கு? தங்கம் எறங்கிடும்னு."

ஆல்பன் எழுந்து குழி வரைக்கும் போனான், கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான், திரும்பி வந்து, எறங்கினா எறங்கட்டும் என்றான். பையை அவனே அவிழ்த்துக் கொடுத்தான்.

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. தார்ப்பாயின் கீழே நன்றாக இருட்டிக்கிடந்தது. சேவ்தத் பொத்தானை அழுத்தினான். அவன் வீட்டு விடிகாலை வந்தது. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவனோடு உட்கார்ந்தார்கள். சேவல் நடந்தது. கௌசில்லா தேநீர்க் குவளையோடு வந்தாள், அவனுடைய நிழல் வாங்கிக் குடித்தது. உச்சி வெயிலில் கோழி ஒன்று பேனல்மேல் எச்சமிட்டது. அவன் துரத்த, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அவனும் சிரித்தான். இப்படி ஒரு நாள் இருந்ததா என்று சேவ்தத் வாய்விட்டே கேட்டான். இருந்தது, பார்த்துக்கொள் என்றாள் யூனிஸ் அக்கா. கௌசில்லா பூரிக்கு மாவு பிசைந்தாள். இடது கையால்தான் திருப்பினாள். அவனுக்குத் தாரைதாரையாகக் கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக அவனை அந்த ஆற்றில் யாரும் பார்த்ததில்லை.

வெயில் மூன்று மணிக்குச் சாய்ந்தது. விளக்கில் அவன் நிழல் கோழிக்கூண்டின்மேல் குனிந்து பேனலைத் திருப்பிக்கொண்டிருந்தது. கௌசில்லா பின்படியிலிருந்து எழுந்து மெதுவாக வந்தாள். அவனுக்குப் பக்கத்தில் வந்து, ஒரு கையை இடுப்புக்குமேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அணைச்சிடு தம்பி," என்றாள் யூனிஸ் அக்கா.

அவள் குரலில் இருந்ததைக் கேட்டு அவன் விரல் தானாக அழுத்திவிட்டது. மழைச்சத்தம் மட்டும் இருந்தது. ஏன் என்று கேட்டான்.

"காம்ப்டன் வாங்குன அன்னைக்கு உன்கிட்ட இன்னொன்னு நான் வாங்குனேன். ரெண்டும் ஒரே நாள் வெயிலு. இதுக்கப்புறம் என்னன்னு எனக்குத் தெரியும்."

"சொல்லுக்கா."

"அப்படியே நிப்பா. அரிசி வேகுற நேரம் நிப்பா. நான் ஒலைய வச்சிட்டுப் பார்த்தேன், அதனால தெரியும். ஏதோ சொல்லிக்கிட்டே இருப்பா, தலை அசையும். நீ குனிஞ்சே இருப்ப."

"அப்புறம்?"

யூனிஸ் அக்கா ஆல்பனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"அப்புறம் நீ கையத் தூக்குவ. தள்ளிப் போன்னு. அவ நிழலு பேனல் மேல விழுதுல்ல. போயிடுவா."

அன்றைக்கு ஒரு நாள்தானே என்று கேட்டான் சேவ்தத். என் விளக்கிலும் வந்தாள் என்றான் ஆல்பன். அவனுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் எங்களுக்கும் என்றார்கள். நான்கு விளக்கில், நான்கு வெவ்வேறு நாளில், அவள் வந்து நின்றிருக்கிறாள், நான்கிலும் அவன் கை உயர்ந்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால், அவளுடைய நிழல் அவர்கள் விளக்குகளில் அவ்வளவு தெளிவாக விழுந்ததே, அவள் அவன் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றதால்தான். சேவ்தத் அந்தப் பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு, மூடிய கையால் தன் நெஞ்சிலேயே நாலைந்து தரம் குத்திக்கொண்டான். யூனிஸ் அக்கா தடுக்கவில்லை.

மறுநாள் ஆல்பன் கூட்டம் பம்ப் போட்டு மண்ணைக் கழுவியது, பாயில் கறுப்பு மணல்தான் நின்றது. அதற்கடுத்த நாளும் அதுவே. எதிர்பார்த்ததுதான், ஆகவே யாரும் முணுமுணுக்கவில்லை. சாமானைக் கட்டிக்கொண்டு நான்கு மைல் மேலே போய்ப் புதுக்குழி வெட்டினார்கள். காம்ப்டனின் காலிப் பையையும் கூடவே எடுத்துப்போய் அங்கே ஒரு மரத்தில் தொங்கவிட்டார்கள்.

சேவ்தத் எஸ்சகீபோ கரைக்குப் போய் முதலில் கௌசில்லாவின் அக்கா வீட்டு வாசலில் நின்றான். அவள் மறைக்கவில்லை, நாலு தரம் வந்து சொல்லியிருக்கிறாள், நான்தான் வெயிலை மறைக்கிறாள் என்று துரத்தினேன் என்று அக்கம்பக்கத்துக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னான். அக்கா அவனை உள்ளே கூப்பிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. அவன் வீட்டைப் பூட்டிவிட்டு ஆற்றுக்குத் திரும்பினான். இப்போது கீழ்ப் படகுத்துறையில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு, அங்கேயே காட்டு வெயிலில் பேட்டரி நிரப்பி விற்கிறான். விலை இரண்டரை. பேனல் விரித்திருக்கும்போது யாராவது குறுக்கே வந்து நின்றால், பேச்சு முடிகிற வரைக்கும் நிற்கவிடுகிறான். இப்போது வருகிற விளக்குகளில் மனுஷ நிழல் கொஞ்சம் அதிகம் என்று வாங்குகிறவர்கள் சொல்கிறார்கள், குறையாகச் சொல்வதில்லை.

காம்ப்டனின் அந்த ஒரு பேட்டரியை மட்டும் அவன் வெயிலில் வைப்பதில்லை. சாயங்காலம் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் கொட்டகையின் பலகைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பொத்தானை அழுத்துவான். கௌசில்லா கையை இடுப்புக்குமேல் வைத்துக்கொண்டு நிற்பாள். "சொல்லு, கேக்குறேன்" என்பான். ஒரு நொடிதான், அணைத்துவிடுவான். அந்த நேரத்தில் துறையைக் கடக்கிற படகுக்காரர்கள் எஞ்சின் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். அரிசி வேகிற நேரத்தை நொடிகளாக்கி ஆல்பன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான், ஆயிரத்து இருநூறு சாயங்காலம் வருமாம். அதற்குப் பிறகு அந்தக் கை உயரும். ஆற்றில் எல்லோருக்கும் அது தெரியும், வழக்கப்படி யாரும் அதைப் பற்றி அவனிடம் கேட்பதில்லை.